காதல் கதையா, ஈர்ப்பின் கதையா? முதல் சிறுகதை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் சிறுகதை எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் காதல் கதைதான் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அனுப்பிய கதைகள் வரிசையாகத் திரும்பி வந்தன. சிலவற்றுக்குப் பதிலே வரவில்லை. ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று எந்தக் கடிதத்திலும் இருக்காது. பல வருடம் கழித்து, புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கதைக்குள் இருப்பது ஈர்ப்பு. எழுதியவரோ அதைக் காதல், உயிர்க் காதல் என்று சொல்லிக்கொண்டே போகிறார். வாசிப்பவருக்கு அந்த இடைவெளி இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இனக்கவர்ச்சி மட்டமான கதைப்பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். அதை அதுவாகவே எழுதினால் அருமையான கதை கிடைக்கும். தான் எழுதுவது எது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்னென்ன செய்யலாம், எழுதி முடித்த கதையை எப்படி அனுப்புவது, எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் கதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "இது ஈர்ப்பின் கதை", "இது காதலின் கதை", "ஈர்ப்பாகத் தொடங்கியது காதலாக மாறும் கதை", "காதல் என்று நம்பியது ஈர்ப்புத்தான் என்று தெரியவரும் கதை". இந்த நான்கில் ஒன்று. சிறுகதையில் நான்கையும் அடைக்க இடமில்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986இல் காதலை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு. வேட்கை மட்டும் தனியாக நிற்பதைத்தான் அவர் வெறும் மயக்கம் என்று வகைப்படுத்தினார். வாழ்க்கையை இப்படி மூன்று பெட்டியில் போட முடியுமா என்ற விவாதம் இருக்கட்டும். கதை எழுதுகிறவருக்கு இது நல்ல கேள்வித்தாள். ஒருவர் மற்றவரிடம் வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்லும் காட்சி இருக்கிறதா? உடம்பும் மனசும் தவிக்கும் காட்சி இருக்கிறதா? கஷ்டம் வந்தபோதும் விலகாமல் நின்ற காட்சி இருக்கிறதா? இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது ஈர்ப்பின் கதை. அதையே துணிந்து எழுதுங்கள்.

2. எதிரில் இருப்பவருக்கு ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். புதியவர்களின் கதைகளில் காதலிப்பவனைப் பற்றி எல்லாம் தெரியும். காதலிக்கப்படுபவளைப் பற்றி என்ன தெரியும்? பெரிய கண்கள், நீலத் தாவணி, மல்லிகைப் பூ, ஒரு புன்னகை. அவள் மாதக் கடைசியில் யாரிடம் கடன் கேட்பாள், எதற்குக் கோபப்படுவாள், அவனைப் பற்றி எது அவளுக்குப் பிடிக்காது என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருக்காது.

கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை எழுதுங்கள். அவருடைய வேலை, கூலி, வீட்டில் யார் யார், உடம்புக்கு என்ன, எதை மறைக்கிறார், எதை ஆசைப்படுகிறார், எந்தச் சாதி, எந்தத் தெரு. நம் ஊரில் காதல் கதை எழுதிவிட்டுச் சாதியையும் குடும்பத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. பாத்திரங்கள் அதைப் பேசாமல் இருக்கலாம். எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

தொல்காப்பியம் ஒருதலைக் காமமான கைக்கிளையைச் சொல்லும்போது "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்" என்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் கிடைக்காதவன், தானே பேசித் தானே மகிழ்ந்துகொள்வது. ஈர்ப்பை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. உங்கள் கதையை இதை வைத்தே சோதிக்கலாம். அச்செடுத்து, மற்றவர் தானாக வாய் திறந்து பேசும் வரிகளையும், தானாக எடுக்கும் முடிவுகளையும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். "ம்", "தெரியலையே", "போங்க" போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கம் பக்கமாகச் சிவப்பே இல்லையென்றால் அது கைக்கிளை. கதைக்குக் காதல் என்று பெயர் வைத்து அதை மாற்ற முடியாது.

3. ஒரே காட்சியை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டிங் பிரிவில் செல்வம், செக்கிங் மேசையில் தேவி. சனிக்கிழமை, சம்பள நாள்.

ஈர்ப்பாக எழுதினால்: செல்வம் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறான். டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசிகூட அவனுக்குப் பூவாகத் தெரிகிறது. அவள் பஸ் ஏறும்வரை பார்க்கிறான். அவள் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை.

காதலாக எழுதினால்: அந்த வாரம் தேவி ஒன்றரை ஷிப்ட் பார்க்கவில்லை என்பதைச் செல்வம் கவனித்திருக்கிறான். கவரைப் பிரித்து அவள் இரண்டு தடவை எண்ணுவதையும் பார்க்கிறான். "கண்ணு வலிக்குதுங்களா? செவ்வாக்கிழமையிலிருந்தே லைட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி உக்கார்றீங்க" என்கிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அதையெல்லாம் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப் போடாதீங்க" என்கிறாள். அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் சந்தேகமான பீஸ்களை அவளிடம் வருவதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை பார்த்துவிடுகிறார். அது யார் செய்த ஏற்பாடு என்று தேவிக்குத் தெரிந்துவிடுகிறது. அதுவரை வாய்க்கு வாய் "ணா" போட்டவள், அன்றைக்கு "ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு, "எனக்குப் பரிதாபப்படுற ஆளு வேண்டாம்" என்கிறாள்.

இரண்டாவதில் யாரும் தூக்கம் கெடவில்லை, இதயம் படபடக்கவில்லை. ஆனால் அவன் பார்த்தது அவளுடைய கண்வலியை, அவளுடைய பயத்தை. அவளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, அது அவன் எதிர்பார்த்தது இல்லை. முதலாவதில் பஞ்சுத் தூசியைப் பார்த்தவன் தன் பரவசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டுமே எழுதத் தகுந்தவை. முதலாவதை எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டாவதன் பெயரைச் சூட்டுவதுதான் சிக்கல்.

உங்கள் கதையின் முக்கியக் காட்சியை இப்படி இரண்டு விதமாக எழுத ஒரு மாலை ஒதுக்குங்கள். எந்தப் பிரதி தானாக நீள்கிறதோ அதுதான் உங்களுக்குள் இருக்கும் கதை.

4. விலையையும் காலத்தையும் கணக்குப் போடுங்கள்

காதலுக்காக யார் எதை இழந்தார்கள்? பதிலில் ஒரு தொகையோ, ஒரு பொருளோ, ஒரு உறவோ இருக்க வேண்டும். "எல்லாவற்றையும் இழந்தான்" என்றால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. "தங்கைக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்தான்" என்றால் தெரியும். ஈர்ப்பின் கதையில் இழப்பு பெரும்பாலும் பகற்கனவில் நடக்கும். அவளுக்காக உயிரையே கொடுப்பான், ஆனால் அவள் கேட்ட நூறு ரூபாய் மாத்திரையை வாங்க மறந்திருப்பான். அந்த முரண் ஈர்ப்பின் கதைக்கு நல்ல முதுகெலும்பு.

அடுத்தது காலம். வார இதழ்ச் சிறுகதை பெரும்பாலும் 1000 முதல் 2000 சொற்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள் மூன்று வருடக் காதலைச் சொல்லப் போனால் "நாட்கள் ஓடின", "மாதங்கள் உருண்டன" என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தில்தான் காதல் வளர்ந்திருக்க வேண்டும், அதையே தாண்டிவிட்டோம். மாறாக, ஒரு நாள் எடுங்கள், ஒரு மாலை எடுங்கள். பழகி நாளான இருவர் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவர் எங்கே தேடுவது என்று கேட்காமலே எடுப்பதில் மூன்று வருடமும் வந்துவிடும்.

5. பதிவுத் திருமணம் வந்தால் சட்டத்தைச் சரியாக எழுதுங்கள்

நண்பர்கள் மாலையோடு வருகிறார்கள், ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறார்கள், அன்று மாலையே புது வீடு. இப்படிப்பட்ட முடிவு எத்தனையோ கதைகளில் வருகிறது. நடைமுறை வேறு.

வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணந்துகொள்ள உதவுவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் முடிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்தபின் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். ஒருவருடைய நிரந்தர ஊர் வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டப்படும். திருமணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் புதிதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. வயது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ, தடை செய்யப்பட்ட உறவுமுறை, சம்மதம் தரும் மனநிலை போன்ற காரணங்கள்தான் செல்லும்.

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு அல்லது தாலி கட்டிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். புரோகிதர் வேண்டியதில்லை, 30 நாள் அறிவிப்பும் இல்லை. அப்புறம் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கே மாலை மாற்றும் காட்சி உங்களுக்கு வேண்டுமென்றால் இந்த வழியில் எழுதுங்கள்.

ஆனால் என் யோசனையைக் கேட்டால், அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள். ஊர் அலுவலகத்துச் சுவரில் பெயர் ஒட்டியிருக்கிறது, யார் எப்போது பார்ப்பார்கள் என்று தெரியாது. அவள் தினமும் வேலைக்குப் போய் வர வேண்டும், அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவன் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட வேண்டும். ஈர்ப்பு மட்டும் இருந்தால் பத்தாம் நாளிலேயே ஒருவர் போனை எடுக்காமல் விட ஆரம்பிப்பார். காதல் இருந்தால் பயத்தோடு பயமாக ரேஷன் கார்டு நகலும் டிசியும் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு சிறுகதைக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஒரு மாதத்துக்குள் இருக்கிறது.

6. விழக்கூடிய பொறிகள்

பின்தொடர்வது: அவள் வேண்டாம் என்றபின்னும் மாதக்கணக்கில் பின்னால் போய், கடைசியில் அவள் மனம் இளகுவதாக முடிக்காதீர்கள். விருப்பமில்லை என்று தெரிந்தபின்னும் தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அப்படியொரு பாத்திரத்தை எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. அவன் செய்வதைக் கதையும் சேர்ந்து கொண்டாடக் கூடாது. அவள் தினமும் பஸ்ஸை மாற்றி ஏறுவதையும் எழுதுங்கள்.

பள்ளிக்கூடம்: பள்ளிப் பருவத்து ஈர்ப்பு அழகான பொருள்தான். ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை உடல் சார்ந்து வர்ணிக்கும் ஒரு வரிகூட இருக்க வேண்டாம். எந்த நல்ல இதழாசிரியரும் அந்த வரியோடு கதையை மூடிவிடுவார்.

சினிமாப் பாட்டு: உணர்ச்சி உச்சத்தில் நான்கு வரிப் பாட்டை அப்படியே எடுத்துப் போடுவது. பாடல் வரிக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி இல்லாமல் போட்டால் இதழுக்குத்தான் தலைவலி. பக்கத்துக் கடை ரேடியோவில் பாட்டு ஓடியது என்று எழுதினால் போதும்.

முடிவுகள்: அவள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பது, "அண்ணா" என்று கூப்பிட்டு முடிப்பது, குழந்தைக்குப் பழைய காதலியின் பெயர் வைத்திருப்பது. இவற்றை உதவி ஆசிரியர்கள் முதல் பத்தியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். தற்கொலையைக் காதலின் ஆழத்துக்குச் சான்றாகக் காட்டும் முடிவை முழுமையாகத் தவிருங்கள். படிப்பவர்களில் அன்றைக்கு உடைந்துபோய் இருக்கும் இளம் வயதுக்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

நிஜக் கடிதங்கள்: உங்களுக்கு வந்த காதல் கடிதத்தையோ வாட்ஸ்அப் உரையாடலையோ கதைக்குள் ஒட்டாதீர்கள். கடிதம் உங்கள் கையில் இருக்கலாம், அதன் எழுத்துரிமை எழுதியவருக்குத்தான். பெயரை மாற்றினாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்கள், பாதிக்கப்படுவது அவர்.

7. அனுப்ப வேண்டிய ஆவணங்கள்

கதையை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேர்ட் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎப் மட்டும் அனுப்பினால் பல இடங்களில் பக்கம் அமைக்க முடியாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், முகவரி, கைபேசி எண், சொல் எண்ணிக்கை.

கூடவே ஒரு உறுதிமொழி: "இந்தச் சிறுகதை என் சொந்தக் கற்பனை. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. இதுவரை அச்சிலோ இணையத்திலோ வெளியாகவில்லை. வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை." தேதி, கையெழுத்து. முகநூலில் போட்ட கதையும் வெளியான கதைதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முகப்புக் கடிதம் நான்கு வரிக்குமேல் வேண்டாம். இது உண்மைக் காதலின் கதை என்று அதில் விளக்கவே வேண்டாம்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தாக வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீடிக்கும். விரும்பினால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் விடுவார்கள், அதன்பிறகுதான் பரிசீலனை. ஒற்றைச் சிறுகதைக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுக்கும் தாளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். "எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக" என்று எழுதியிருந்தால் குறும்படம், ஒலிக்கதை எல்லாம் போய்விடும். கையெழுத்துக்கு முன் கேட்பதில் தப்பில்லை.

8. செலவும் காத்திருப்பும்

மின்னஞ்சலில் அனுப்பினால் செலவே இல்லை. தபாலில்தான் என்று கேட்கும் இதழ்களும் இருக்கின்றன. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இனி ஸ்பீட் போஸ்ட்தான். பத்துப் பக்கக் கதைக்கு அச்சும் தபாலும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். ஒரு பிரதி கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும்.

"உங்கள் கதை தேர்வாகிவிட்டது, தொகுப்பில் இடம்பெறப் பணம் அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி இரண்டாயிரம் ரூபாய் கட்டினார். கிடைத்தது பிழை மலிந்த ஒரே ஒரு பிரதி, அந்தக் கதையை வேறெங்கும் கொடுக்கவும் முடியாமல் போனது. உங்கள் எழுத்துக்கு அவர்கள்தான் சன்மானம் தர வேண்டும், குறைந்தபட்சம் இதழ்ப் பிரதியாவது தர வேண்டும்.

தீபாவளி மலருக்கு ஆடி மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். பிப்ரவரி காதலர் தினத்துக்கென்று எல்லோரும் ஜனவரியில் அனுப்புவார்கள். காதல் கதைக்கு மற்ற மாதங்களில்தான் நிதானமான வாசிப்புக் கிடைக்கும்.

அனுப்பியபின் மூன்று மாதம் விடுங்கள். அதுவரை போன் செய்யாதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் தலைப்பையும் அனுப்பிய தேதியையும் குறிப்பிட்டு இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். இன்னும் ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால், "கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் சிவப்புப் பேனாவோடு இன்னொரு முறை படியுங்கள். நான்கு மாத இடைவெளியில், மற்றவர் பேசாமல் விட்ட இடங்கள் நன்றாகவே கண்ணில் படும்.